கோல்ஸ்லா என்னும் பச்சைக் கோஸ் கலவையும் பயிரிடுவோர் கடமையும்

முட்டைக்கோஸ் நம் நாட்டில் தொன்றுதொட்டு இருந்துவந்த பயிரன்று. ஐரோப்பியர் வருகைக்குப் பின்னரே அது இங்கு பரவியது. உதகமண்டலத்துச் சர்க்கார் தாவரத் தோட்டமுங்கூட, 1840-களில் அவ்வூரில் குடியேறியிருந்த ஐரோப்பியர்கள் தங்களுக்கு வேண்டிய காய்கறிகளை நயமான விலைக்குப் பெறும்பொருட்டுச் சந்தா சேர்த்து ஏற்படுத்திய காய்கறித் தோட்டம் ஒன்றிலிருந்தே தோன்றியதாகும். நாளடைவில் இப்பயிர் நீலகிரி, கொடைக்கானல் மலைகளிலும், ஓசூர்ப் பக்கத்து மேட்டு நிலங்களிலும் நிலைபெற்று, நமது வீடுகளிற் பொரியலாகவும் கூட்டாகவும் அன்றாட ஆகாரத்தில் ஒன்றாகிவிட்டது. ஆயினும் நம்மவர் அதனை அடுப்பில் ஏற்றிய பின்னரே இலையில் இட்டுவந்தனர். ஆதலால் அது எத்தகைய எருவிட்டு, எந்த நீர் பாய்ச்சி விளைந்தது என்று வாங்குவோர் கேட்டதில்லை. வயலில் நேர்ந்த குறைகளிற் பலவற்றை அடுப்பு மறைத்துவந்தது.

இக்காலத்தில் அந்நிலைமை மாறிவருகிறது. நகரங்களில் மட்டுமன்றித் தாலுகாத் தலைநகரங்களிலும் பொரித்த கோழி, பர்கர், ஷவர்மா முதலியன விற்கும் கடைகள் பெருகியுள்ளன. அவற்றில் முட்டைக்கோஸைப் பச்சையாகவே மெல்லிதாய் நறுக்கி, கோல்ஸ்லா என்னும் கலவையாகவோ வெறும் நறுக்கலாகவோ பரிமாறுகின்றனர். நல்ல கோல்ஸ்லா எங்கே கிடைக்கும், எவ்விதம் செய்வது என்று வினவுவோர் பலர். அவர்களுக்குச் சொல்லப்படும் விடைகளெல்லாம் சமையலறையோடு நின்றுவிடுகின்றன. எமது அபிப்பிராயம் வேறு. நல்ல கோல்ஸ்லாவின் பெரும்பகுதி வயலிலேயே முடிந்துவிடுகிறது; சமையற்காரர் செய்வது எஞ்சிய பகுதியே. ஆகையால் இது சமையற்காரரைக் காட்டிலும் மிராசுதார்களும் கிராம அதிகாரிகளும் கவனிக்கவேண்டிய விஷயமென்று கருதி, இங்கு விவரிக்கத் துணிந்தோம்.

கலவையின் வரலாறு

இக்கலவை டச்சுக்காரரின் உணவு. அவர்கள் பாஷையில் கூல் என்பது முட்டைக்கோஸ். ஸ்லா என்பது பச்சைக் காய்கறிக் கலவையைக் குறிக்கும் சொல்லின் குறுக்கம். பதினேழாம் நூற்றாண்டில் டச்சுக்காரர் வட அமெரிக்காவில், இப்பொழுது நியூயார்க் ராஜ்யம் என வழங்கும் பிரதேசத்திற் குடியேறியபோது இவ்வுணவும் அவர்களோடு சென்றது. 1748 முதல் 1751 வரை அந்நாட்டிற் சஞ்சாரஞ் செய்த ஸ்வீடன் தேசத்துத் தாவர சாஸ்திரி பீட்டர் கால்ம் என்பவர், ஆல்பனி நகரில் தாம் தங்கிய வீட்டு டச்சு அம்மையார் முட்டைக்கோஸை மெல்லிய இழைகளாக அரிந்து, எண்ணெய், காடி, உப்பு, மிளகு சேர்த்துக் கலந்து பரிமாறியதையும், அதன் சுவை தாம் எதிர்பார்த்ததற்கு மேலாக இருந்ததையும் தமது குறிப்பில் எழுதிவைத்துள்ளார். பிற்காலத்தில் ஆங்கிலம் பேசுவோர் கூல் என்ற சொல்லின் பொருளறியாமல், குளிர்ந்தது என்று பொருள்படும் தங்கள் சொல்லை அதற்குப் பதிலாக வைத்து வழங்கியதும் உண்டு.

கால்ம் கண்ட கலவையில் மயோனைஸ் இல்லை என்பது கவனிக்கத்தக்கது. முட்டை மஞ்சட்கருவும் எண்ணெயுஞ் சேர்த்துக் கடைந்த அக்குழம்பு, 1910-களில் நியூயார்க்கில் புட்டிகளில் அடைத்து விற்கப்பட்ட பின்னரே கோல்ஸ்லாவோடு பிரியாமற் சேர்ந்தது. இன்றும் அந்நாட்டின் வடகரோலினா ராஜ்யத்து லெக்சிங்டன் பக்கத்தில் மயோனைஸ் சிறிதுமின்றிக் காடியும் தக்காளிச் சாறும் சேர்த்த சிவந்த கோல்ஸ்லாவே, சுட்ட பன்றி இறைச்சியோடு பரிமாறப்படுகிறது. மேலே ஊற்றும் சாறு ஊருக்கு ஊர், காலத்துக்குக் காலம் மாறியிருக்க, மாறாது நின்றது முட்டைக்கோஸ் ஒன்றே. எனவே கலவையின் குணம் கோஸின் குணத்தையே முதலாகப் பற்றி நிற்கிறது.

நல்ல கலவையின் இலக்கணம்

நல்ல கோல்ஸ்லாவுக்கு மூன்று குணங்கள் வேண்டும். வாயில் இட்டால் மொறுமொறுப்பாய் இருத்தல் வேண்டும். காரமும் இனிப்பும் புளிப்பும் ஒன்றையொன்று மிஞ்சலாகாது. பாத்திரத்தின் அடியில் நீர் தேங்கலாகாது. கடைகளிற் கிடைக்கும் கலவைகளிற் பல மூன்றாவது குணத்திலேயே தவறுகின்றன.

முட்டைக்கோஸில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் நீரே உள்ளது. நறுக்கிய கோஸின்மேல் உப்புப் பட்டவுடன், உள்ளிருக்கும் நீர் வெளியே இழுக்கப்படுகிறது. முன்னதாகவே மேற்சாற்றைக் கலந்து வைத்துவிட்டால், அந்நீர் சாற்றோடு கலந்து அதனை நீர்த்துப்போகச் செய்கிறது. நமது ஸ்திரீகள் இதனை நன்கறிவர். கோசுமல்லி செய்யும்போது உப்பைப் பரிமாறும் சமயத்தில்தான் சேர்க்க வேண்டுமென்பது நம் வீடுகளில் வழங்கும் முறையன்றோ? கோல்ஸ்லாவுக்கும் அவ்விதியே பொருந்தும். அல்லது அதற்கு மாறான மற்றொரு வழியையும் கைக்கொள்ளலாம். ஒரு கிலோ நறுக்கிய கோஸுக்குச் சுமார் 15 கிராம் உப்பு விரவி ஒரு மணி நேரம் வடிகூடையில் வைத்து, வடிந்த நீரைக் கொட்டிவிட்டு, சுத்தமான நீரில் ஒருமுறை அலசிப் பிழிந்தெடுத்தால், பின்பு சாறு கலந்து சில மணி நேரம் குளிரில் வைத்தாலும் நீர் விடாது.

காரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. முட்டைக்கோஸ் கடுகின் இனத்தைச் சேர்ந்தது. அதன் திசுக்கள் முழுமையாய் உள்ளவரை அதிற் காரம் தோன்றுவதில்லை. இலை வெட்டுண்டு நசுங்கும்போது தனித்தனியே இருந்த இரண்டு பொருள்கள் ஒன்றுகூடிக் கடுகுக் காரத்தை உண்டாக்குகின்றன. ஆதலால் மழுங்கிய கத்தியால் நசுக்கி அரிந்த கோஸ் நெடியேறியும், கூரிய கத்தியால் இரண்டு மூன்று மில்லிமீட்டர் கனத்தில் அரிந்த கோஸ் இனிமையாகவும் இருக்கும். அரிந்ததைக் கால் மணி நேரம் குளிர்ந்த நல்ல நீரில் இட்டு வடித்தால் மொறுமொறுப்புக் கூடும்.

அரைக் கிலோ கோஸுக்கு 100 கிராம் கேரட்டும், ஒரு சிறு வெங்காயமும் போதும். மேற்சாற்றுக்கு மூன்று மேஜைக்கரண்டி காடி, இரண்டு மேஜைக்கரண்டி எண்ணெய், இரண்டு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி கடுகுப்பொடி, சிறிது மிளகு இவை தகும். கொழுமை வேண்டுவோர் துணியிற் கட்டி நீர் வடித்த கெட்டித் தயிரைச் சேர்க்கலாம். பச்சை முட்டையால் ஆன மயோனைஸை நாம் சிபாரிசு செய்யவில்லை. அதில் சால்மொனெல்லா என்னும் கிருமி பெருகக்கூடும். இக்காரணம் பற்றியே தமிழ்நாடு சர்க்கார் 2025-ஆம் வருஷம் ஏப்ரல் மாதம் 8-ந் தேதி முதல் ஓராண்டு காலத்துக்குப் பச்சை முட்டை மயோனைஸைத் தயாரிப்பதையும் விற்பதையும் தடைசெய்து உத்தரவிட்டது. எண்ணெய் அருமையாய் இருந்த பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்கக் குடியானவர் வீடுகளில் முட்டை, காடி, கடுகு, சிறிது மாவு ஆகியவற்றை அடுப்பில் வைத்துக் கிளறிக் காய்ச்சிய சாற்றையே கோல்ஸ்லாவுக்கு ஊற்றினர். பழைய அம்முறை இன்றும் உகந்ததே.

சமையலறையிற் செய்யத்தக்கது இவ்வளவே. இனிச் சொல்வது வயலைப் பற்றியது.

வயலில் அமையும் குணங்கள்

பொரியலுக்கு எந்தக் கோஸும் ஆகும். பச்சையாய் உண்பதற்கு ஆகாது. தலை தன் அளவுக்கு மிஞ்சிய கனமுடையதாகவும், விரலால் அழுத்தினால் நெகிழாததாகவும் இருத்தல் வேண்டும். முற்றிய பின்னும் வெட்டாமல் விலையை எதிர்பார்த்து வயலில் நிறுத்திவைத்தால், தலை வெடித்து, நரம்புகள் தடித்து, சுவை கெடும். கோல்டன் ஏக்கர் போன்ற குறுகிய காலத்து வகைகள் நாற்று நட்ட 60 முதல் 65 நாட்களில் அறுவடைக்கு வருவன. அவற்றைத் தவணை தவறாமல் வெட்டவேண்டும். நீர்க்குறைவும் கடும் வெப்பமும் சேர்ந்தால் கோஸின் காரம் அதிகரிக்கும். தழைச்சத்தை அளவுக்கு மிஞ்சி இட்டு அவசரமாய் வளர்த்தாலோ சுண்ணாம்புச் சத்து உள்ளிலைகளுக்கு எட்டாமல் அவற்றின் ஓரங்கள் கருகும். வெளிப்பார்வைக்கு அழகாய்த் தோன்றும் தலையை அரிந்து பார்க்கும்போதுதான் அக்கருகல் தெரியும். நரம்புகள் கறுத்துப்போகும் கருப்பழுகல் நோயும் அத்தகையதே. அது விதையின் மூலமாகவும் பரவுவதால், நோயற்ற விதையை வாங்குவதும், ஐயமிருப்பின் 50 டிகிரி சென்டிகிரேடு வெந்நீரில் 25 முதல் 30 நிமிஷம் வரை விதையை ஊறவைத்து விதைப்பதும் நலம்.

இவை சுவையைச் சேர்ந்தவை. இவற்றினும் முக்கியமானது உண்போர் உயிரைச் சேர்ந்தது. அதனை விளக்க ஒரு தூரதேசத்துச் சம்பவத்தை எடுத்துக்காட்டுவோம்.

நோவா ஸ்கோஷியாவில் நேர்ந்தது

1981-ஆம் வருஷம் கனடா தேசத்தின் கீழ்க்கரையிலுள்ள நோவா ஸ்கோஷியா முதலிய மாகாணங்களில், லிஸ்டீரியா என்னும் கிருமியால் விளையும் நோய் 41 பேரைப் பற்றியது. அவற்றுள் 34 கர்ப்பிணிகளையும் பிறந்த சிசுக்களையும் சார்ந்தவை. கர்ப்பச் சிதைவும், செத்துப் பிறத்தலும், பிறந்த சில நாட்களில் மரணமும் நேர்ந்தன. மற்ற 7 பேர் வயது வந்தோர். அவர்களிலும் சிலர் மாண்டனர். வைத்தியர்கள் துருவி ஆராய்ந்தபோது, நோயுற்றோர் உண்டவற்றுள் கோல்ஸ்லாவே பொதுவாக நின்றது. பிரிக்கப்படாத கோல்ஸ்லாப் பொட்டலங்களிலும் அதே கிருமி காணப்பட்டது.

கோஸ் எங்கிருந்து வந்தது என்று தேடியதில், அதைப் பயிரிட்ட ஒரு குடியானவர் ஆட்டு மந்தையும் வைத்திருந்தார் என்பதும், அம்மந்தையில் 1979-லும் 1981-லும் இரண்டு ஆடுகள் இதே நோயால் இறந்தன என்பதும், அம்மந்தையின் எருவைப் பச்சையாகவும் மக்கவைத்தும் கோஸ் வயலுக்கு இட்டனர் என்பதும் வெளியாயின. கோஸ் குளிர்காலம் முழுவதும் குளிர்ச்சியான கிடங்கில் வைக்கப்பட்டிருந்தது. ஏனைய கிருமிகளிற் பெரும்பாலானவற்றின் பெருக்கத்தைக் குளிர் தடுக்கும். லிஸ்டீரியாவோ குளிர்ப்பெட்டியிலும் மெல்லப் பெருகும் இயல்புடையது. இவ்விவரங்கள் 1983-ஆம் வருஷம் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆப் மெடிசின் என்னும் வைத்திய சஞ்சிகையில் வெளியாயின. லிஸ்டீரியா ஆகாரத்தின் வழியாக மனிதரைப் பற்றும் என்பது ஐயத்துக்கிடமின்றி நிலைநாட்டப்பட்டது அப்போதுதான்.

இதில் யாரும் துரோகம் நினைத்துச் செய்யவில்லை என்பதை நம் வாசகர்கள் கவனிக்கவேண்டும். தன் மந்தையின் எருவைத் தன் வயலுக்கு இடுவது உலகெங்கும் நல்ல விவசாயியின் வழக்கமே. நமது நாட்டிலும் ஆட்டுக்கிடை கட்டுவது நிலத்துக்கு ஆகிவந்த பெரும் பாக்கியமாகவே எண்ணப்படுகிறது, அவ்வெண்ணம் சரியானதே. கிடையை விட்டுவிடுங்கள் என்று நாம் சொல்லவில்லை. பச்சையாய் உண்ணப்படும் பயிருக்கும் கிடைக்கும் இடையே போதிய காலம் விடவேண்டும் என்பதே நாம் சொல்ல வருவது. அடுப்பில் ஏறாத பயிருக்கு, அடுப்பு செய்யவேண்டிய வேலையைக் காலமும், வெயிலும், எருக்குழியின் சூடுமே செய்தாக வேண்டும்.

மூளைப் புழு என்னும் அச்சம்

முட்டைக்கோஸில் உள்ள புழு மூளைக்கு ஏறிவிடும் என்று நம் நாட்டில் ஓர் அச்சம் பரவியிருக்கிறது. இவ்வச்சத்தினால் கோஸையே விலக்கிய குடும்பங்களும் உண்டு. விஷயத்தை உள்ளபடி அறிவது பயிரிடுவோருக்கு அவசியம். கோஸ் இலையைத் தின்னும் பச்சைப் புழுவுக்கும் அந்நோய்க்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. அப்புழு ஓர் அந்துப்பூச்சியின் இளம்பருவம். மனித உடலில் அது வாழாது. மூளையிற் கட்டியாய்த் தங்கி வலிப்பை உண்டாக்குவது பன்றி நாடாப்புழுவின் இளம்பருவமாகும். நாடாப்புழுவைக் குடலில் உடைய மனிதனின் மலத்தோடு வெளிப்படும் அதன் முட்டைகள், மண்ணாலும் நீராலும் காய்கறிகளிற் படிந்து, பச்சையாய் உண்போர் வயிற்றிற் சேர்கின்றன. ஆதலால்தான் பன்றி மாமிசத்தைத் தொடாத சைவரையும் இந்நோய் பற்றுகிறது.

இதனால் விளங்குவது யாதெனில், குற்றம் கோஸினுடையது அன்று. மனித மலம் கலந்த மண்ணும் நீருமே குற்றமுடையன. கோஸ் நிலத்தை ஒட்டி வளர்வது. அதன் இலைகள் ஒன்றின்மேலொன்றாய் மடிந்து கிடப்பவை. ஒருமுறை உட்புகுந்த அழுக்கு எளிதில் நீங்காது. அச்சத்தைப் பொய்யென்று வாதிப்பதாற் பயனில்லை. வயலைச் சுத்தமாய் வைத்து, அச்சத்துக்கு இடமின்றிச் செய்வதே பயிரிடுவோர் தரத்தக்க விடை.

பூச்சி மருந்தைப் பற்றி

முன் சொன்ன பச்சைப் புழு, அதாவது வைரமுதுகு அந்துப்பூச்சியின் புழு, பயிருக்கு விளைக்கும் நஷ்டம் சொற்பமன்று. அதை ஒழிக்க மருந்தின்மேல் மருந்தாய்த் தெளிப்போரை எங்கும் காணலாம். ஆனால் மருந்துகளை எதிர்த்து நிற்பதில் இதற்கு நிகரான பூச்சிகள் சிலவே. 1953-லேயே ஜாவாத் தீவில் டி.டி.டி. மருந்து இதனிடம் தோற்றது. பின்னர் வந்த மருந்துகளிலும் பல அதே கதியடைந்தன. மருந்தின் அளவைக் கூட்டுவதால் புழு சாவது நிச்சயமில்லை. கோஸில் மருந்து தங்குவதோ நிச்சயம்.

பெங்களூருக்கு அடுத்த ஹெசரகட்டாவிலுள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தார் சோதித்துக் கண்ட ஒரு முறை கைக்கொள்ளத்தக்கது. 25 வரிசை கோஸுக்கு இரண்டு வரிசை கடுகு விதைத்தால், தாய் அந்துப்பூச்சிகள் கடுகையே நாடி முட்டையிடுகின்றன. கடுகின் முதல் வரிசையைக் கோஸ் நடுவதற்கு 15 நாட்களுக்கு முன்பும், இரண்டாவதை நட்ட 25 நாட்களுக்குப் பின்பும் விதைக்கவேண்டும். மருந்தைக் கடுகின்மேற் பிரயோகித்து, கோஸுக்கு வேப்பங்கொட்டைக் கரைசலை அளவோடு தெளித்துவரலாம். வேறு மருந்து தெளிக்க நேரிடின், அறுவடைக்குமுன் இத்தனை நாள் கழியவேண்டும் என்று மருந்துப் புட்டியின் சீட்டில் அச்சிட்டிருப்பதைத் தவறாது அனுசரிக்கவேண்டும். விலை ஏறிவிட்டது என்று நேற்றுத் தெளித்ததை இன்று வெட்டுவது, பச்சையாய் உண்போர் விஷயத்தில் மன்னிக்கத்தக்கதன்று.

பயிரிடுவோர் செய்யவேண்டுவன

முதலாவது, எரு. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் இயற்கை விவசாய விதிகளின்படி, மண்ணைத் தொட்டு வளரும் உணவுப் பயிருக்குப் பச்சை எருவை அறுவடைக்குக் குறைந்தது 120 நாட்களுக்கு முன்பே இட்டிருக்கவேண்டும். நட்ட 60 நாட்களில் வெட்டும் கோஸுக்கு இக்கணக்கைப் பொருத்தினால், நாற்று நடுவதற்கு இரண்டு மாதத்துக்கு முன்பே கிடையை எழுப்பி நிலத்தை உழுதுவிடவேண்டும் என்று ஏற்படும். முந்திய போகத்துப் பயிருக்குக் கிடை கட்டிவிட்டு, அடுத்த போகத்தில் கோஸ் வைப்பது எல்லாவற்றிலும் எளிது. மக்கிய எருவாயின், மேடாய்க் குவித்து, 55 டிகிரி சூட்டுக்குக் குறையாமல் 15 நாட்களாவது இருக்கும்படி செய்து, அதற்குள் ஐந்து தடவையாவது கிளறிப் புரட்டவேண்டும் என்பது அதே விதிகளில் உள்ள முறை. மேற்பரப்பில் கிடக்கும் எரு சூடேறாதாதலால் புரட்டுதல் இன்றியமையாதது.

இரண்டாவது, நீர். சமைக்காது உண்ணப்படும் பயிர்களுக்குப் பாய்ச்சும் நீரில், மலத்திலிருந்து வரும் கோலி வகைக் கிருமிகள் 100 மில்லிலிட்டருக்கு 1,000-க்கு மேற்படலாகாது என்றும், குடற்புழு முட்டை லிட்டருக்கு ஒன்றுக்கு மேலிருக்கலாகாது என்றும் உலக சுகாதார ஸ்தாபனத்தார் 1989-ல் வகுத்தனர். ஊர்ச் சாக்கடை கலக்கும் ஓடையின் நீரைக் கோஸுக்குப் பாய்ச்சுவது ஒருபோதும் தகாது. கிணற்று நீரைச் சொட்டு நீர்க்குழாய் வழியாய் வேரடிக்கு விடுவது, தலையின்மேல் நீர் தெளிப்பதினும் சிறந்தது. கோஸோடு சேர்ந்து பச்சையாய் உண்ணப்படும் கேரட்டைக் கழுவும் நீரும் இவ்விதமே சுத்தமானதாய் இருத்தல் வேண்டும்.

மூன்றாவது, அறுவடை. வெயில் ஏறுமுன் வெட்டி, நிழலிற் சேர்க்கவேண்டும். தலையைக் காக்கும் வெளியிலைகள் இரண்டு மூன்றை விட்டுவைத்து வெட்டுதல் நலம். கடைசியில் அவற்றை நீக்கும்போது மேற்படிந்த மண்ணும் மருந்தும் பெரும்பாலும் அவற்றோடு நீங்கும். வெட்டிய தலைகளை வெறுந்தரையிற் குவிப்பதும், எரு ஏற்றிய வண்டியைக் கழுவாமல் அதிலேயே கோஸை ஏற்றுவதும் கூடா. வயலில் வேலைசெய்யும் ஆட்களுக்குக் கைகழுவ நீரும் சோப்பும், ஒதுங்குவதற்கு இடமும் ஏற்படுத்திக் கொடுப்பது நிலத்துக்கு உடையவரின் கடமை. ஒதுங்க இடமில்லாத ஆட்கள் வரப்போரத்தையே நாடுவர். அதற்கு அவர்களைக் குறைகூற யாருக்கும் உரிமையில்லை.

கிராம அதிகாரிகளுக்கு

மேலே கூறியவற்றுட் சில தனி மனிதரால் ஆகக்கூடியன அல்ல. மேலூர்ச் சாக்கடை கீழூர் வாய்க்காலிற் கலக்குமானால், கீழூர் விவசாயி என்ன செய்யக்கூடும்? பாசன வாய்க்காலில் மலநீர் லாரிகள் கொட்டாமற் காப்பதும், பஞ்சாயத்துச் செலவில் பாசன நீரை வருஷத்துக்கு ஒருமுறையேனும் பரிசோதிக்கச் செய்வதும், பொதுக் கழிப்பிடங்களை உபயோகத்தில் இருக்குமாறு பராமரிப்பதும், சந்தைத் திடலிற் காய்கறி இறக்குமிடத்தைக் கால்நடை கட்டுமிடத்திலிருந்து பிரித்து வைப்பதும் கிராம அதிகாரிகளும் பஞ்சாயத்தாரும் செய்யத்தக்க காரியங்கள். இவை கோஸுக்கு மட்டுமன்றிக் கொத்தமல்லி, புதினா, வெள்ளரி, தக்காளி ஆகிய பச்சையாய் உண்ணப்படும் எல்லாவற்றுக்கும் காப்பாகும்.

சில ஆட்சேபங்கள்

இஃது அந்நிய உணவு. நமக்கெதற்கு என்று சிலர் கேட்கலாம். முட்டைக்கோஸே அந்நியப் பயிர்தான். மிளகாயும் உருளைக்கிழங்கும் அவ்வாறே. உண்போர் நம் ஊர் மக்களாயும், பயிரிடுவோர் நம் விவசாயிகளாயும் இருக்கும்போது உணவு எந்நாட்டதாயினும் பொறுப்பு நம்முடையதே.

வாங்குவோர் கழுவிக்கொள்வார்களே என்று வேறு சிலர் சொல்லலாம். கழுவுதல் அவசியமே. ஆனால் குளோரின் கலந்த நீருங்கூடக் கிருமிகளின் தொகையைக் குறைக்குமேயன்றி முற்றும் நீக்காது. இலையின் மடிப்பிலும் வெட்டுவாயிலும் ஒளிந்தவை தங்கிவிடும். கழுவுதல் சுத்தமான கோஸை மேலும் சுத்தமாக்கும்; அசுத்தமான கோஸைச் சுத்தமாக்கிவிடாது.

இவ்வளவு செய்தால் எங்களுக்கு விலை கூடுமா என்பதே மிராசுதார்கள் கேட்கக்கூடிய நியாயமான கேள்வி. சந்தையில் எல்லாக் கோஸும் ஒரே குவியலிற் கிடக்கும்வரை கூடாதென்றே சொல்லவேண்டும். விலை சரிந்த காலத்தில் வெட்டுக் கூலிக்கும் கட்டாது என்று பயிரை வயலிலேயே விட்டுவிடும் துர்ப்பாக்கியத்தை நாம் அறிவோம். அக்குவியலிலிருந்து பிரிந்து நிற்பதற்கு ஒரு வழி இது. ஒரே நீர்மடையைச் சேர்ந்த பத்துப் பன்னிரண்டு பேர் ஒன்றுகூடி, எரு இட்ட தேதி, மருந்து தெளித்த தேதி, வெட்டிய தேதி ஆகிய மூன்றையும் ஒரு புத்தகத்தில் ஒழுங்காய் எழுதிவந்து, நீர்ப் பரிசோதனைச் சீட்டையும் அதோடு சேர்த்து, நகரத்து ஹோட்டல்காரரிடமும் ஆஸ்பத்திரிச் சமையற்கூடத்தாரிடமும் நேரில் காட்டுவார்களாயின், பச்சைக் காய்கறியால் வரும் பழிக்கு அஞ்சும் அவர்கள் அதை மதியாமல் விடமாட்டார்கள். சந்தைக் குவியலில் யாருடைய கோஸ் என்று சொல்லமுடியாதது, இவ்வகையில் இன்னாருடைய கோஸ் என்று பெயர் பெறும். பெயர் பெற்ற சரக்குக்கே நிலையான கிராக்கி உண்டு.

முடிவாக நாம் சொல்லவேண்டுவது ஒன்றே. கோல்ஸ்லாவில் இடப்படும் காடியையும் கடுகையும் எவரும் திருத்திக்கொள்ளலாம். நோவா ஸ்கோஷியாவில் நேர்ந்ததை எந்தச் சமையற்காரரும் திருத்தியிருக்க முடியாது. அங்கு பிழை ஏற்பட்ட இடம் வயல். திருத்தியிருக்கக் கூடியவர் வயலுக்குடையவர். அடுத்த போகத்துக்குக் கோஸ் நாற்று விடுவோர், விதை வாங்குவதற்கு முன்பாகவே கிடை எழுப்பவேண்டிய தேதியைக் கணக்கிட்டுக் குறித்துக்கொள்வார்களாக.